விளக்கு வைத்த பிறகு கீரை

1

இந்த வருஷம் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கனடாவில் என் மகள் கலா வீட்டுச் சமையலறையில் ஒரு பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது. கலாவின் கை ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் சத்தம் கேட்டதும் நான் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தது எனக்கே தெரியாது.

மருமகன் பாஸ்கர் ஓடி வந்தார்.

"அத்த, தட்டுதான் உடைஞ்சுது. யாரும் ஒண்ணும் பண்ணல. எழுந்திரிங்க."

தட்டில் இருந்தது கீரைக் கடைசல். வெள்ளைத் தரையிலும் சுவரிலும் பச்சையாகத் தெறித்திருந்தது. என் பேத்தி மாயா பத்தாவது படிக்கிறாள். தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. காதில் சொருகியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அதில் 'ஹிட்' என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. உன்னை யாராவது அடிப்பார்களா என்று கேட்கிறாள்.

"ஒண்ணுமில்ல, நீ போய்ப் படி" என்றாள் கலா.

அதற்கு முந்தின நாள்தான் திருவண்ணாமலை மகளிர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் போலீஸ் என்னிடம் வாட்ஸ்அப்பில் பேசியிருந்தாள். என் மகன் ஏழுமலை மேல் கேஸ் நடக்கிறது. அவன் பெண்டாட்டி மஞ்சுளா மேல் கொதிக்கிற கீரையை ஊற்றினான் என்று கேஸ். பார்த்தவள் நான் ஒருத்திதான். கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். சொன்னால் பெற்ற பிள்ளை ஜெயிலுக்குப் போவான். சொல்லாவிட்டால் வெந்துபோனவள் பொய்க்காரி ஆவாள். வேறு வழி எதுவும் இல்லை.

2

இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த புதிதில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை 'யெஸ்' ஒன்றுதான். யார் எதைக் கேட்டாலும் யெஸ் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். ஆண்கள் எதிரில் நின்று பேச ஊரிலேயே எனக்கு வராது. இங்கே கேட்கவே வேண்டாம்.

ஒரு நாள் காய்ந்த மிளகாயும் பூண்டும் தாளித்தபோது கூரையில் இருந்த புகை மணி அடிக்க ஆரம்பித்தது. எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. கரண்டியை வைத்து அதை அடித்தேன். இன்னும் ஜாஸ்தியாகக் கத்தியது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஃபயர் வண்டி. தலையில் தொப்பியோடு ஒரு ஆள் உள்ளே வந்து என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் யெஸ் சொன்னேன். யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார். அதற்கும் யெஸ். உடனே ஆம்புலன்ஸும் வந்துவிட்டது. கலா ஆபீஸிலிருந்து ஓடி வந்தாள். அதற்கு அப்புறம் எத்தனையோ பேப்பரில் கையெழுத்துப் போட்டுத்தான் அது முடிந்தது.

"யெஸ்ஸத் தவிர வேற எதுவும் வராதாம்மா உனக்கு? 'நோ'ன்னு ஒண்ணு இருக்கு, கத்துக்கோ" என்று சிரித்துக்கொண்டே திட்டினாள்.

பாஸ்கருக்கு ரத்தத்தில் கொழுப்பு ஜாஸ்தி என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் கறி, மீன் எல்லாம் நின்றுபோனது. ராத்திரிக்குச் சப்பாத்தி, பருப்பு, கீரை. முளைக்கீரையா கிடைக்கிறது? பசலை மாதிரி ஒரு கீரை, அதையும் கடையில் பனிக்கட்டியாக, செங்கல் செங்கலாக விற்கிறார்கள். ஒரு செங்கலை எடுத்துத் துணியில் சுற்றி, பூரிக்கட்டையால் அடித்து உடைப்பேன். நாலு அடி போதும். ஆனால் நான் நாலோடு நிறுத்த மாட்டேன். கை தானாக ஓங்கிக்கொண்டே போகும். அடித்து முடித்தால் எனக்கு மூச்சு வாங்கும். யாரை அடிக்கிறேன் என்று ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

பிறகு பயத்தம்பருப்போடு வேகவைத்து, பூண்டு நசுக்கிப் போட்டு, உப்பு, கொஞ்சம் சீரகம். மத்தால் கடைந்து இறக்கினால் அவ்வளவுதான் சாப்பாடு.

முதல் தடவை ராத்திரியில் கலா கீரை ஆக்கச் சொன்னபோது எனக்குக் கை ஓடவில்லை. எங்கள் பக்கத்தில் விளக்கு வைத்த பிறகு கீரை கூடாது. செரிக்காது என்பார்கள், இருட்டில் புழு தெரியாது என்பார்கள், வீட்டுக்கு ஆகாது என்பார்கள். கலாவிடம் சொன்னேன். அவள் ஜன்னலைக் காட்டினாள்.

"மணி என்ன இப்ப? நாலரை. வெளிய பாரு, கும்மிருட்டு. இங்க உன் கணக்கு பாத்தா குளிர்காலம் முடியறவரைக்கும் கீரையே துன்ன முடியாது. வெயில் காலத்துல ஒம்போது மணிக்கும் பகல் மாதிரி இருக்கும், அப்ப மட்டும் துன்னலாமா?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டேன். விடியும்வரை வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வயிற்றுக்குப் பயந்து நான் விழித்திருக்கவில்லை என்பது விடிந்த பிறகு புரிந்தது.

3

என் வீட்டுக்காரர் திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதினார். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். வெள்ளை வேட்டி கசங்காது. அதனால் தெருவில் அவருக்கு நல்ல பேர். அவர் அடித்ததெல்லாம் தெளிவோடு அடித்த அடி.

கீழ்பென்னாத்தூரிலிருந்து கல்யாணம் ஆகி வந்த வருஷம். மல்லாட்டை பிடுங்குகிற வேலைக்குப் போய்விட்டு இருட்டின பிறகு திரும்பினேன். வீட்டில் வேறு காய் இல்லை. வரப்பில் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்த கீரைதான் இருந்தது. களி கிண்டி, கீரையைக் கடைந்து வைத்தேன். அவர் மணையில் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார்.

"இன்னாடி இது?"

"கீரைங்க."

"மணி இன்னா?"

நான் பதில் சொல்வதற்குள் என் கையில் இருந்த மத்தை வாங்கினார். பிடுங்கவில்லை, கை நீட்டி வாங்கினார். நானும் கொடுத்தேன். எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் கொடுத்தேன். அந்த மத்தாலேயே அடித்தார். முதல் அடி காதுக்கு மேல். தடுக்கக் கை தூக்கினேன், சுண்டுவிரல் ஒடிந்தது. ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது, சுள்ளி ஒடிகிற மாதிரி. தட்டில் இருந்த களியை எடுத்து என் முகத்தில் அறைந்தார். கண்ணுக்குள் சூடு போனது. ஓடினால் தெருவுக்குத் தெரியும் என்று நான் ஓடவில்லை. அவர் கை வலித்து நிறுத்தினார். பிறகு கை கழுவிவிட்டு, "மோர் ஊத்து" என்றார்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டபோது என் மாமியார் சொன்னார்: "மாவாட்டும்போது குழவி உருண்டுடுச்சு. ஏன் கேக்கற போ."

அதற்கப்புறம் கீரைக்காக மட்டும் அடிக்கவில்லை. சோறு குழைந்தாலும் அடி, குழையாவிட்டாலும் அடி. எதற்கு விழும் என்று தெரிந்தால் ஜாக்கிரதையாக இருக்கலாம். தெரியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த வீட்டில்தான் வளர்ந்தார்கள். அடி விழும்போது கலா கொல்லைப்பக்கம் ஓடிவிடுவாள். ஏழுமலை போக மாட்டான். கதவோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடாமல் பார்ப்பான். அவர் போன பிறகு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து என் வாயில் வைப்பான். "நான் பெருசானா உன்ன யாரும் தொட முடியாதும்மா" என்பான். அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் அழுதிருக்கிறேன்.

அவர் மாரடைப்பில் போனார். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கூட, அந்தக் கை அசையுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்புரை ஆபரேஷனுக்காக ஊருக்குப் போனேன். இங்கே அதற்குப் பேர் கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் போய் இறங்கின வாரத்திலேயே முடிந்தது.

ஏழுமலை செங்கம் ரோட்டுக்குப் பின்னால் வீடு கட்டி, மாடியில் மூன்று ரூம் போட்டு, ஆசிரமத்துக்கு வந்து தங்குகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். அவன் மகள் வேலூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். மாடியில் இருக்கிற வெள்ளைக்காரர்களுக்கு மஞ்சுளாதான் சாயங்காலச் சாப்பாடு ஆக்கினாள். சோறு, பருப்பு, கீரை. அவர்கள் கீரை இல்லாமல் சாப்பிட மாட்டார்கள், அதுவும் ராத்திரிக்குத்தான் கேட்பார்கள்.

அந்த வீட்டில் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கீரைக்கு வேறு சட்டி, வேறு மத்து, வேறு கரண்டி. 'மாடிச் சட்டி' என்று பேர். கீழ் வீட்டுத் தட்டில் அது படக்கூடாது. மிஞ்சினால் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட வேண்டும்.

"ராத்திரியில ஆக்குறது மட்டும் ஆகுமாடா?" என்று கேட்டேன்.

"அது அவங்க வயிறு, அவங்க காசும்மா. நமக்கின்னா?" என்றான்.

ஒரு நாள் அவன் வெளியே போயிருந்தான். மஞ்சுளா அரைக்கீரை கடைந்துகொண்டிருந்தாள். புதுப் பூண்டு வாசனை. ஆறு வருஷமாகப் பனிக்கட்டிக் கீரை சாப்பிட்ட நாக்கு, தாங்குமா?

"மஞ்சு, எனக்கும் ரெண்டு கரண்டி ஊத்து."

"ஐயோ அத்த, விளக்கு வெச்சாச்சு. அவரு பாத்தா அவ்ளோதான்."

"நான் அங்க தினமும் ராத்திரிதான் துன்றேன். செத்தா போயிட்டேன்? கிணத்துல போடு உன் பயத்த. நீயும் ஒரு தட்டு எடு."

அவள் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கீழேயே உட்கார்ந்தோம். திருடித் தின்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தது. "கனடாவுல கீரைய சுத்தியால அடிப்பீங்களாமே, கலா சொன்னாங்க" என்றாள். "சுத்தியால இல்ல, பூரிக்கட்டையால" என்று நான் அடிப்பதைப் போல் காட்டினேன். அவள் புரைக்கேறிச் சிரித்தாள்.

அப்போதுதான் ஏழுமலை உள்ளே வந்தான்.

என் தட்டைப் பார்த்தான்.

"நீ துன்னியாம்மா?"

"ஆமாண்டா. நான்தான் கேட்டு வாங்கினேன்."

"சரி. நீ இங்க வா."

என் இரண்டு தோளையும் பிடித்துப் பூப்போலத் தூக்கினான். சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தான். கண்ணுக்குப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடி சரிந்திருந்தது, அதைச் சரி செய்தான். குரல் ஏறவே இல்லை. மஞ்சுளாவைப் பார்த்து, "கண்ணு ஆபரேஷன் பண்ணவங்களுக்கு ராத்திரியில கீரை போடறியா? எங்கம்மாவ சாகடிக்கப் பாக்கறியா?" என்று கேட்டான். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். "உக்காரு" என்றான். உட்கார்ந்தாள்.

அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவன் கரித்துணியைத் தேடினான். சட்டி இறக்குகிற துணி. அது மேடையில் இல்லை, ஆணியில் தொங்கியது. போய் எடுத்தான். இரண்டாக மடித்தான். அந்தத் துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, அவள் தலைக்கு மேல் கொண்டு போனான். அவள் தலையைத் திருப்பினாள், அதனால் முகம் தப்பியது. கழுத்து, தோள், முதுகு எல்லாம் கீரை. அது தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது. ஒட்டிக்கொண்டு வேகும். அவள் கத்தியது மனுஷக் குரல் இல்லை. புடவையைப் பிய்த்துக்கொண்டு தரையில் உருண்டாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டு மத்தை எடுத்தான். வெந்த இடத்திலேயே அடித்தான். தோல் மத்தோடு வந்தது.

நான் போய் அவன் முதுகில் விழுந்தேன், கடித்தேன், முடியைப் பிடித்து இழுத்தேன். திரும்பி என் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

"நீ நவுரும்மா. உன் மேல பட்டுடப் போவுது."

சொல்லிவிட்டு மறுபடி அடித்தான்.

5

மாடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை கத்திக்கொண்டு இறங்கி வந்தாள். அதற்கப்புறம்தான் நிறுத்தினான். அவளே தெருவில் ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். ஏழுமலையும் முன்னால் ஏறிக்கொண்டான். வழியெல்லாம் மஞ்சுளாவின் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அவன் பின்னால் திரும்பி என்னிடம் சொன்னான்: "சட்டி சாஞ்சுடுச்சுன்னு சொல்லு. புரியுதாம்மா?"

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர். கீரையைத் துடைத்து எடுத்துக்கொண்டே எப்படி ஆனது என்று கேட்டார்.

"சட்டி சாஞ்சுடுச்சு சார்" என்றான் ஏழுமலை. "எங்கம்மா பக்கத்துலதான் இருந்தாங்க. கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். தலையாட்டத்தான் பழகியிருக்கிறேன். ஏழுமலையும் என்னைத்தான் பார்த்தான், சாதாரணமாக, பஸ்ஸுக்கு நேரமாச்சா என்று கேட்கிற மாதிரி. கட்டிலில் குப்புறப் படுத்திருந்த மஞ்சுளாவின் கை என் புடவை ஓரத்தைப் பிடித்திருந்தது. அது இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தது.

"ஊத்துனான்" என்றேன்.

"யாரு?"

"இவன். என் பிள்ள."

டாக்டர் எழுதினார். போலீஸ் வந்தது. ஏழுமலை அழ ஆரம்பித்தான். "உனக்காகத்தானேம்மா" என்று அழுதான். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது.

அவன் ஜாமீனில் வந்துவிட்டான். மஞ்சுளா தோல் ஒட்டுப் போட்டு, டவுனில் ஒரு ரூம் எடுத்து, ஒரு லாட்ஜ் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். என்னைக் கனடாவுக்குக் கலா இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இத்தனை நாளுக்கு மேல் வெளியே இருந்தால் இங்கே தங்குகிற அட்டை போய்விடும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் இழுத்தாள்.

6

தட்டு உடைந்த அன்று, மாயாவை மேலே அனுப்பிவிட்டுக் கலா கதவைச் சாத்தினாள். தரையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"நீ போக வேணாம். இங்கருந்து உன்ன யாரும் புடிச்சுக்கிட்டுப் போக முடியாது. நீ போகலன்னா கேஸ் தானா விழுந்துடும்."

"மஞ்சு?"

"அவளுக்குச் செலவுக்கு நான் மாசாமாசம் அனுப்பறேன். அவனும் எவ்ளோ வேணா தரேன்னு சொல்றான். அவன் ஜெயிலுக்குப் போனா உனக்கு இன்னா கெடைக்கும்? கொள்ளி போட யாரு வருவா உனக்கு?"

"கொள்ளி நீ போடு."

"விளையாடாதம்மா. அவன் உன் மேல உயிரா இருந்தான். நீ ஆபரேஷன் பண்ணி வந்தப்ப கண்ணுக்கு மருந்து அவன்தானே ஊத்தினான்? நீ போய் அந்தக் கூண்டுல நின்னு அவனக் காட்டிக் குடுப்பியா? அப்பா உன்ன அடிக்கலையா? அத விடவா? நாங்க வளந்து ஆளாகலையா?"

"ஆனீங்க. நீ கொல்லைக்கு ஓடிட்ட. அவன் அங்கயே நின்னு வளந்தான்."

கலா துடைப்பதை நிறுத்தினாள். கையில் இருந்த துணியை என் காலடியில் வீசினாள். பிறகு பச்சையாக இருந்த கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. வாயைத் திறந்தால் இருவருக்கும் வெட்டுகிற பேச்சுதான் வந்திருக்கும். அந்த இரண்டு நாளும் அவளே சமைத்தாள், பாத்திரத்தைப் படீர் படீரென்று வைத்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் தோள் தூக்கிப் போட்டது. அதை அவள் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் எதுவும் சொல்லாமல் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். ஏர்போர்ட்டில் இறக்கிவிடும்போது, "நான் வரமாட்டேன். என்னால அவனப் பாக்க முடியாது" என்று மட்டும் சொன்னாள்.

7

கோர்ட்டில் பேரைக் கூப்பிட்டார்கள். மஞ்சுளா கையைப் பிடித்துப் படி ஏற்றிவிட்டாள். கழுத்துவரை மூடின ரவிக்கை, அந்த வெயிலிலும். ஏழுமலை பின்னால் கைகட்டி நின்றான். வெள்ளை வேட்டி. இளைத்திருந்தான்.

சர்க்கார் வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். குரல் எழும்பவில்லை. நீதிபதி ஒரு அம்மா. "சத்தமா சொல்லுங்க, பயப்படாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். அப்புறம் அவனுடைய வக்கீல் எழுந்தார். நல்ல சிரித்த முகம்.

"பாட்டிம்மா, உங்க பிள்ள உங்க மேல ரொம்ப பாசம், ஆமாவா?"

"ஆமாங்க."

"கண்ணுக்கு மருந்தெல்லாம் அவருதான் ஊத்துவாரு, ஆமாவா?"

"ஆமாங்க."

"உங்க வீட்ல ராத்திரி கீரை துன்ற வழக்கம் இல்ல. அது உங்களுக்கும் தெரியும், ஆமாவா?"

"ஆமாங்க."

"தெரிஞ்சும் நீங்க கேட்டு வாங்கினீங்க."

"ஆமாங்க."

"நீங்க துன்னதப் பாத்து, அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு அவருக்கு ஒரு பதட்டம். சட்டிய அப்புறப்படுத்த எடுத்தாரு. பதட்டத்துல கை தவறிடுச்சு. பெத்த தாய்க்காகப் பதறினாரு, அவ்ளோதான். ஆமாவா?"

அந்த 'ஆமாங்க' என் வாய்க்குள் வந்து நின்றது. முந்தினதெல்லாம் போன வழியில் அதுவும் போயிருக்கும். வாழ்நாள் முழுக்க அந்த வழியில்தானே போனது. பல்லை இறுக்கிக்கொண்டேன். கூண்டின் கட்டையைப் பிடித்தேன்.

"இல்லிங்க."

"இன்னா இல்ல?"

"பதறலிங்க. என்ன மொதல்ல தூக்கி நாக்காலியில உக்கார வெச்சான், என் மேல தெறிக்கக் கூடாதுன்னு. அப்புறம் கரித்துணியத் தேடினான். அது ஆணியில இருந்துது. எடுத்து ரெண்டா மடிச்சுப் புடிச்சான், தன் கை சுடக் கூடாதுன்னு. பதறுறவனுக்குத் துணி மடிக்கத் தோணுமாங்க? கீரை கேட்டது நானு. கோவம்னா என்னத்தானே அடிச்சிருக்கணும்? என்ன ஒரு அடி அடிக்கல. யார அடிக்கலாம், யார அடிக்கக் கூடாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துது. எங்க வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சிருந்துது."

வக்கீல் என்னமோ சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கையைக் காட்டினார். "வேற கேள்வி இருக்கா?" இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

டைப் அடித்ததைப் படித்துக் காட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஆனால் வேகமாக வராது. காதால் கேட்டேன். நடுவில், 'என் மகன் ஆத்திரத்தில் ஊற்றினான்' என்று வந்தது.

"அந்த ஆத்திரம் வேணாங்க. நான் அப்டி சொல்லல."

டைப் அடிக்கிறவர் நீதிபதியைப் பார்த்தார். "எடுத்துடுங்க" என்றார் அவர். எடுத்துவிட்டுத் திரும்பப் படித்தார்கள். கன்னியம்மாள் என்று முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தீர்ப்பு எப்போது என்று சொல்லவில்லை. இன்னும் சாட்சிகள் இருக்கிறார்களாம்.

வெளியே வராந்தாவில் ஏழுமலை நின்றிருந்தான். மஞ்சுளா எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். அவன் எங்களை நோக்கி வந்தான். "வெயில்ல நிக்காதம்மா" என்றுதான் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என்னைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. மஞ்சுளாவுக்கு என்று வைத்திருந்த பார்வை அது. அதற்கு முன்னால் அதையே வேறொரு முகத்தில், மணையில் உட்கார்ந்து நிமிர்ந்த முகத்தில், பார்த்திருக்கிறேன். சேலைக்குள் கால் நனைந்துவிட்டது.

அவன் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தான். பாட்டில் மஞ்சுளாவின் கையிலிருந்து விழுந்தது. நான் அவளை எனக்குப் பின்னால் தள்ளிவிட்டு நின்றேன்.